ரிசல்ட் சொல்லாதேங்கோ

அந்தத் திங்கட்கிழமை காலை நான் ரீவிக்கு முன்னால் சாய்கதிரையில் இருந்தபோது, குசினிக்குள் என் மனைவி மெர்சியின் போன் அடித்தது. யாரென்று பார்த்தவள் அதை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள்.

நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டேன். கதைக்கிற ஆள் வாய்தவறி ரிசல்ட்டைச் சொல்லி, அது என் காதில் விழுந்துவிடக் கூடாதென்றுதான் வெளியே போகிறாள் என்பது என் எண்ணம்.

திரையில் இங்கிலாந்து இத்தாலிக்கு எதிராக ஒரு கோல் போட்டு முன்னுக்கு நின்றது. ஐரோப்பியக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம், அதுவும் லண்டனில். ஆட்டம் தொடங்கி நான் கதிரையில் சரியாகச் சாய்வதற்குள் கோல் விழுந்துவிட்டது. நான் எழும்பித் துள்ளிய துள்ளலில், அன்று குளிக்கவும் பொறுக்காமல் வந்து இருந்ததால், காலில் ஒட்டியிருந்த தொழிற்சாலை மாவு கம்பளத்தில் கொட்டியது.

ஜன்னலால் பார்த்தேன். நல்ல குளிர்காலம், புல்லெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது. மெர்சி உடுப்புக் காயப்போடும் கம்பியைப் பிடித்தபடி, ஒரு கம்பளிச் சட்டைகூடப் போடாமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தடிமன் பிடிக்கப்போகிறதே என்று யோசித்தேன். பிறகு கண்ணைத் திரைக்குத் திருப்பிவிட்டேன்.

லண்டனில் அண்ணா இதைப் பார்த்து எப்படித் துள்ளியிருப்பார் என்பதுதான் அப்போது என் மனதில் ஓடியது. துள்ள முடியாத நிலைமையில் இருந்தார்தான். கையையாவது தூக்கியிருப்பார்.

எங்கள் வீட்டுச் சட்டம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதினேனே, அந்தப் பாண் சுடும் தொழிற்சாலையில் எனக்கு எப்போதும் இரவு வேலை. இங்கிலாந்தில் பந்து உருளும் நேரத்தில் நான் இங்கே சிட்னியில், மெரிலேண்ட்ஸில் மாவுக்குள் நிற்பேன். ஆகவே எல்லா ஆட்டமும் ரெக்கோட் ஆகும். வேலை முடிந்து வந்து, குளித்து, தேநீரோடு இருந்து, முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பேன். பார்த்து முடியும்வரை ஒருவரும் ரிசல்ட் சொல்லக் கூடாது. என் போனும் நிறுத்தியிருக்கும். இதுதான் சட்டம்.

இதைக் காப்பாற்றப் பட்ட பாடு கொஞ்சமில்லை. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நம்முடைய ஆட்கள் நடத்தும் கடை ஒன்றுண்டு. அங்கே இறால் வாங்கப் போனால் முதலாளி ரிசல்ட்டை இலவசமாய்ப் போட்டுத் தருவார். ஒரு பருவம் முழுக்க நான் மீன் வாங்க மெர்சியைத்தான் அனுப்பினேன்.

மாதா கோயிலில் நடந்தது அதைவிட மோசம். பூசையில் பக்கத்தில் நிற்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. முன்வரிசை வாங்கில் நின்ற மனிதர் திரும்பி, என் கையைப் பிடித்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ரெண்டுக்கு ஒண்டு" என்றார். நாசமாய்ப் போறவன்! நான் அன்றைக்கு நற்கருணை வாங்கவில்லை. மனதில் இருந்த கோபத்துக்கு வாங்குவது பாவம்.

இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறாத ஒரே ஆள் என் அண்ணா. சூசை என்று பெயர். என்னிலும் எட்டு வயது மூத்தவர். அவர் லண்டனில் நேரடியாகவே பார்த்துவிடுவார். ரிசல்ட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வாயைக் கட்டிக்கொண்டு, நான் பார்த்து முடித்துப் போன் எடுக்கும்வரை விழித்திருப்பார். அங்கே நடுச்சாமம் ஆனாலும் சரி.

முதல் மணி அடித்தவுடன் எடுப்பார். "என்னடா, முடிஞ்சுதா?" என்பார். நான் ஓம் என்றால்தான் மற்றக் கதை.

முப்பது வருஷத்தில் நாங்கள் நேரே சந்தித்தது இரண்டே முறை. மிச்சமெல்லாம் இப்படித்தான். ஒரே ஆட்டத்தை முன்னுக்குப் பின்னாகப் பார்த்துவிட்டு, சேர்ந்து பார்த்தவர்கள் மாதிரிக் கதைப்போம்.

வெயிலில் காய்ந்த பற்றறி

மன்னாரில் எங்கள் ஊரில் உதைபந்து விளையாடாத ஆம்பிளை கிடையாது. அண்ணா கோயில் அணியின் கோல் கீப்பர். மணலில் விழுந்து விழுந்து முழங்கையில் தோலே இருக்காது.

சனிக்கிழமை இரவில் றேடியோ. இங்கிலாந்து ஆட்டங்களின் வர்ணனை வரும். பற்றறி தட்டுப்பாடான காலம். பகலில் பற்றறிகளை வெயிலில் காயவைத்து, இரவில் அவற்றுக்குக் கொஞ்ச நேரம் உயிர் கொடுப்போம். காகம் கொத்திக்கொண்டு போகாமல் காவல் இருப்பது என் வேலை.

"எங்களை ஆண்டவங்களுக்கு ஏன்டாப்பா கைதட்டுறியள்?" என்று ஊரில் கேட்காத ஆளில்லை. அண்ணா ஒரே பதில்தான் வைத்திருந்தார். "வேற யார் எங்கட றேடியோவுக்கு வந்தவங்கள்?"

இங்கிலாந்து உலகக் கிண்ணம் வென்றபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். அந்த இறுதி ஆட்டத்தில் பந்து மேல் கம்பத்தில் பட்டு, கீழே விழுந்து, கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதில் உலகமே சண்டை பிடித்தது. எங்கள் வீட்டில் அந்தச் சண்டை ஓயவே இல்லை. நான் கோல் என்பேன். இங்கிலாந்துக்காக உயிரை விடுகிற அண்ணா கோல் இல்லை என்பார்.

"நான் கோலுக்குள்ள நிண்டவன். எனக்குத் தெரியும், அது கோல் இல்லை."

"அப்ப கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கோ."

"அது வேற கதை. குடுத்தது குடுத்ததுதான்."

அதன்பிறகு வேறொரு உலகக் கிண்ணத்தில், அர்ஜென்டினாக்காரன் கையால் தட்டி இங்கிலாந்துக்கு எதிராகக் கோல் போட்டானே, அதற்குப் பிறகு அண்ணா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா பயந்துபோய் ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்தார்.

இன்னொரு சனிக்கிழமையை மறக்க முடியாது. வட இங்கிலாந்தில் ஓர் அரையிறுதி ஆட்டம். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். வர்ணனைக்காரரின் குரல் மெல்ல மெல்ல மாறியது. கம்பி வேலிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் சனம் நசிபடுகிறது என்றார். விளம்பரப் பலகையைக் கழற்றி அதில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்றார். செத்தவர்கள் அத்தனை பேர், இத்தனை பேர் என்று தொகை ஏறிக்கொண்டே போனது.

செத்தவர்களின் தொகை றேடியோவில் ஏறுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அது எங்கள் நாட்டுச் செய்தியில். அண்ணா சிலுவை போட்டுக்கொண்டார். "மேட்ச் பார்க்கப் போனவங்கள்தானேடா தம்பி" என்றார்.

பழி செத்தவர்கள் தலையிலேயே விழுந்தது. பல வருஷம் கழித்து, அந்தச் சனத்தில் பிழை இல்லை என்று ஒரு விசாரணை முடிவு சொன்ன நாளில், ஆட்டம் ஒன்றும் இல்லாத நாளில், அண்ணா லண்டனில் இருந்து எடுத்தார். "தம்பி, அவங்களில பிழை இல்லையாம்" என்று சொல்லிவிட்டு அழுதார். எங்கட சனத்துக்கு அப்படி ஒரு நாள் வருமா என்று கேட்க நினைத்தேன். அவர் அழுத அழுகையில் அவரும் அதைத்தான் நினைக்கிறார் என்று தெரிந்தது. கேட்கவில்லை.

பூட்டிய கதவு

அண்ணாவுக்கு நோய் வந்து, சிகிச்சை எடுத்து, ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு திரும்ப வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணி கட்டிலை முன் ஹோலில் போட்டு, தலைமாட்டை ரீவி பார்க்கிற மாதிரித் திருப்பிவைத்தார். செலின் அண்ணி என்றால் அண்ணி. அவருக்கு உதைபந்து பிடிக்காது. ஆனால் கட்டில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

நான் போக வேண்டும். போய் அந்தக் கட்டிலில் இருந்து அவர் கையைப் பிடிக்க வேண்டும். அந்த ஒன்றைத்தான் அந்த நாட்களில் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் தொற்றுக் காலம். ஆஸ்திரேலியா உள்ளே வருகிற கதவையும் வெளியே போகிற கதவையும் பூட்டி வைத்திருந்தது. சிட்னியில் கடைக்குப் போவதற்கே காரணம் சொல்ல வேண்டும். நாட்டைவிட்டு வெளியே போக அனுமதி கேட்டிருந்தேன். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தேன்.

பாண் மட்டும் எல்லாருக்கும் வேண்டும். ஆகவே என்னால் மெரிலேண்ட்ஸுக்குப் போக முடிந்தது. லண்டனுக்குத்தான் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து இங்கிலாந்து வென்று வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அரையிறுதி முடிந்தவுடன் எடுத்தேன். அண்ணாவின் குரல் தாள் உரசுகிற மாதிரி இருந்தது.

"தம்பி, இந்த முறை எடுத்துடுவாங்கள். நான் இருந்து பார்த்திட்டுத்தான் போவன்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. நான் வாறன். அனுமதி வந்திடும்."

"நீ வா. ஆனா மேட்ச் முடிஞ்ச உடன எடு. நான் முழிச்சிருப்பன்."

"ரிசல்ட் சொல்லமாட்டியளே?"

"எப்ப சொன்னனான்?" என்றார். சிரிக்கப் பார்த்து இருமினார்.

ஆகவே வாசகர்களே, அந்தத் திங்கட்கிழமை நான் சாய்கதிரையில் இருந்தது வெறும் பந்து பார்க்க அல்ல. பார்த்து முடித்தால்தான் அண்ணாவோடு கதைக்கலாம்.

தேநீர்

இடைவேளையில் மெர்சி தேநீர் கொண்டுவந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணிரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மூக்கு நுனி சிவந்திருந்தது.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"தோத்துட்டாங்களா?"

அவள் தேநீரை மேசையில் வைத்தாள்.

"உன்ர முகத்தில எழுதி ஒட்டியிருக்கே மெர்சி! ஆர் சொன்னது? போனில சொன்னவையா? கேட்டனியே, கேட்டிட்டு ஏன் என்ர முன்னால வந்து நிக்கிறாய்? இத்தினை வருஷத்தில ஒருநாள், இந்த ஒருநாள் என்னை நிம்மதியாப் பார்க்க விடக்கூடாதா?"

"தேத்தண்ணியக் குடியுங்கோ. ஆறிடும்" என்றாள். போய்விட்டாள்.

எங்களைப் போல ஒரு வீட்டில்தான் இப்படி நடக்கும். மனைவி அழுதுகொண்டு வந்து நிற்கிறாள், புருஷன் ஸ்கோர் கேட்கிறான்.

இரண்டாம் பாதியைத் தோற்கப்போகிறார்கள் என்ற நினைப்போடுதான் பார்த்தேன். நினைத்த மாதிரியே இத்தாலி ஒன்றைப் போட்டுச் சமன் செய்தது. மேலதிக நேரமும் போனது. பெனல்டி என்றார்கள். இங்கிலாந்துக்கும் பெனல்டிக்கும் உள்ள பொருத்தம் உலகமறிந்தது. நான் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அப்போது மெர்சி வந்து பக்கத்தில் இருந்தாள். முப்பது வருஷத்தில் அவள் ஒரு ஆட்டமும் என்னோடு இருந்து பார்த்ததில்லை. என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கை பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. என் கோபம் கொஞ்சம் இறங்கியது. தேற்ற வந்திருக்கிறாள், பாவம் என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்று கறுப்புப் பெடியள் அடுத்தடுத்துத் தவறவிட்டார்கள். கடைசியாக வந்தவன் மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை. அவன் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். யாராவது பெனல்டி தவறவிட்டால் அண்ணா சொல்வார், "அடிச்சவனைத் திட்டாதை. மற்றவங்கள் ஒளிக்கேக்க அவன் அடிக்கப் போனான்." அந்தப் பிள்ளைகளை அன்று முழுக்க உலகம் திட்டித் தீர்த்தது. திட்டாதை என்று சொல்ல அண்ணா இல்லையென்று எனக்கு அப்போது தெரியாது.

ரீவியை நிறுத்தினேன். போனை எடுத்து உயிர்ப்பித்தேன். அண்ணாவுக்கு என்ன சொல்வது, அவரைத் தேற்றுவதா, அவர் என்னைத் தேற்றுவாரா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, திரையில் அண்ணியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. எடுக்காத அழைப்புகள். மெர்சி என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினாள்.

"இஞ்சேருங்கோ. அண்ணா போயிட்டார்."

"எங்க?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைத் தன் தோளில் சாய்த்தாள். அதற்குப் பிறகுதான் விளங்கியது.

விளங்கியவுடன் நான் அழவில்லை. கத்தினேன். எப்போது தெரியும் என்று கத்தினேன். முதல் பாதியிலேயே தெரியுமென்றால் என்னை ஏன் இந்த இழவைப் பார்க்கவிட்டாய் என்று கத்தினேன். பக்கத்து வீட்டு வியட்நாம்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

மெர்சி கத்தவில்லை.

"சொன்னா என்ன மாறப்போகுது? பிளேனும் இல்லை, போகவும் ஏலாது. நீங்கள் கோல் எண்டு துள்ளினதைப் பார்த்தன். இந்த ரெண்டு மணித்தியாலமாவது உங்களுக்கு அண்ணா உயிரோட இருக்கட்டும் எண்டு விட்டன்."

அந்த இரண்டு மணித்தியாலமும் அவள் அந்தக் குசினிக்குள் தனியாக இருந்திருக்கிறாள். நான் அவளைத் திட்டியும் இருக்கிறேன்.

அண்ணி சொன்னது

அன்று பின்னேரம் அண்ணியோடு கதைத்தேன். இரண்டு பேரும் முதலில் அழுதுதான் தீர்த்தோம். பிறகு எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்க வெட்கமாகவும் இருந்தது.

"அண்ணி, அவர் மேட்ச் பார்த்தவரோ?"

"பார்த்தவர் தம்பி. கோல் விழுந்த உடன கையைத் தூக்கினவர். ஜூட் கட்டிலுக்கு மேலயே ஏறிட்டான்." ஜூட் அவர்களுடைய ஒரே மகன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன். "இடைவேளையில கண்ணை மூடினவர். களைப்பு எண்டு நினைச்சுச் சத்தத்தைக் குறைச்சன். பிறகு மூச்சு நிண்டிட்டுது. மற்றக் கோலை எங்கட வீட்டில ஒருத்தரும் பார்க்கேல்லை."

அண்ணி தானாகவே சொன்னார்.

"கோல் போட்ட உடன 'போனைத் தா, தம்பிக்கு எடுக்கப்போறன்' எண்டவர். எடுத்துக் கையில குடுத்தன். வச்சுப் பார்த்துக்கொண்டு இருந்திட்டு, 'வேண்டாம், அவன் இன்னும் பார்க்கேல்லை, என்ர குரலிலயே கண்டுபிடிச்சிடுவான்' எண்டு திருப்பித் தந்திட்டார்."

இதை எழுதும்போதும் என்னால் தொடர முடியவில்லை. எழும்பிப் போய் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

எடுத்திருந்தாலும் என் போன் நிறுத்தித்தான் இருந்தது. ஆனால் அவர் எடுக்காமல் விட்டது அதற்காக இல்லை.

அடுத்த வருஷம் அதே மைதானத்தில் இங்கிலாந்துப் பெண்கள் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார்கள். அதற்கடுத்த வருஷம் அவர்களே இங்கே சிட்னிக்கு வந்து, என் வீட்டிலிருந்து ரெயிலில் போகிற தூரத்தில், உலகக் கிண்ண இறுதியில் தோற்றார்கள். இரண்டையும் லீவு போட்டு, நடக்கும்போதே ரீவியில் பார்த்தேன். இப்போது நான் ரெக்கோட் செய்வதில்லை. யாருக்காகச் செய்ய?

பெட்டிக்கு முன்னால்

அடக்கப் பூசையைக் கணினியில்தான் பார்த்தேன். அங்கே காலை, இங்கே இருட்டிவிட்ட நேரம். மெர்சி சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கணினிக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றிவைத்தாள். நான் மேலே கோட்டும் கழுத்துப்பட்டியும், கீழே சாரமும். கமராவுக்குத் தெரியாதுதானே.

கோயிலில் நாலைந்து வாங்குகளில் தள்ளித் தள்ளி ஆட்கள் இருந்தார்கள். பெட்டி திறந்திருந்தது. அண்ணாவுக்கு நீலக் கோட் போட்டிருந்தார்கள். முழங்கை தெரியவில்லை.

ஜூட் கடைசியாகப் பேச வந்தான். ஆங்கிலத்தில், தாளைப் பார்த்து, நன்றாகத்தான் பேசினான். தனக்குச் சைக்கிள் பழக்கியது, தன் ஒவ்வொரு பள்ளிக்கூட ஆட்டத்துக்கும் வேலையை விட்டுவிட்டு வந்தது, எல்லாம் சொன்னான். பிறகு தாளை இறக்கிவிட்டுப் பெட்டியைப் பார்த்து நின்றான். "டாட், நீங்கள் நித்திரையான பிறகு செகண்ட் ஹாஃபில் என்ன நடந்ததென்றால்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினான்.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. என் மைக் திறந்திருந்ததும் தெரியாது. கதிரை பின்னால் விழ எழும்பிவிட்டேன்.

"டேய் ஜூட், சொல்லாதை! அண்ணா இன்னும் பார்த்து முடிக்கேல்லை!"

என் குரல் லண்டன் கோயிலின் ஒலிபெருக்கியில் எல்லா மூலையிலும் கேட்டது. ஆட்கள் மேலே கூரையைப் பார்த்தார்கள். பாதர் புத்தகத்தை மூடிக்கொண்டார். மெர்சி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். முன் வாங்கில் அண்ணி மட்டும் திரும்பவில்லை. ஓம் என்பதுபோல அவர் தலை மெல்ல ஆடியது.

ஜூட் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவனுக்குத் தமிழ் அவ்வளவு வராது. குனிந்து, பெட்டிக்குள் அண்ணாவின் காதுக்குப் பக்கத்தில், தமிழில் சொன்னான்.

"ஒண்டுக்குச் சைபர், அப்பா. நாங்கள்தான் முன்னுக்கு."

பிறகு பெட்டியை மூடினார்கள்.